மொண்ணைவலசுக்கு வரப்போகிற கம்ப்யூட்டர்

மொண்ணைவலசில் எந்த பஸ்ஸும் நிற்காது. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும்; இறங்குகிறவர் அதற்குள் இறங்கிவிட வேண்டும். ஏறுகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. அந்த ஊர்க்காரர்கள் எதிலும் சட்டென்று ஏறிவிட மாட்டார்கள். அடுத்த பஸ் எப்படி இருக்கும் என்று முதலில் விசாரிப்பார்கள்.

அந்த ஊரில் தென்னை விவசாயிகள் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு. ஓட்டுக் கட்டடம், ஒரு நீள பெஞ்சு, ஒரு பழைய கம்ப்யூட்டர், நான்கு நிர்வாகிகள். தலைவர் ஆறுச்சாமி. எதைச் சொன்னாலும் கண்ணை மூடி யோசிப்பார். சில சமயம் தூங்கிவிடுவதும் உண்டு. செயலாளர் குப்பண்ணன் ஒற்றை விரலால் கம்ப்யூட்டர் தட்டத் தெரிந்தவர், அதனால் படித்தவர். நாச்சிமுத்து வாரம் இரண்டு தரம் பொள்ளாச்சி போய் வருவார், அதனால் உலகம் தெரிந்தவர். நான்காவது ஆள் கிட்டுசாமி. அவருக்குச் சந்தேகம் மட்டும்தான் வரும். ஆனால் அது தவறாமல் வரும்.

அந்த வருஷம் வாடல் நோய் வந்து ஊரில் பாதித் தென்னை போய்விட்டது. மட்டை மஞ்சளாகி, பாளை கருகி நின்ற மரங்களை வெட்டச் சொன்னார்கள். வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வைப்பதற்கு நோய் தாங்குகிற தென்னம்பிள்ளைகளை இலவசமாகத் தருவதாக வேளாண்மை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் வழியாக, செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

அப்போது ஆகஸ்ட் முதல் வாரம். நாள் நிறைய இருந்தது. குப்பண்ணன் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் கண் விழிக்க அரை மணி ஆனது. மூன்றாவது வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் தோன்றியது. அதில் நல்ல தமிழில் எழுதியிருந்தது: ‘புதிய பதிப்பு விரைவில் வருகிறது. தயாராக இருங்கள்.’

குப்பண்ணன் விரலை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். மற்ற மூவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“வருதுன்னு போட்டிருக்குது,” என்றார் கிட்டுசாமி. “எதுல வருதுன்னு போடலையே.”

“போட்டிருக்குதே. விரைவில்,” என்றார் குப்பண்ணன்.

“விரைவுலன்னா?”

“விரைவுப் பேருந்துலதான். வேறென்ன?”

“நம்மூர்ல அது நிக்காதே.”

ஆறுச்சாமி கண்ணைத் திறந்தார். “அதுக்குத்தான் தயாரா இருக்கச் சொல்லியிருக்குது.”

அடுத்த நாள் காலையில் நால்வரும் வெளுத்த வேட்டி கட்டி, ஆளுக்கொரு மாலையுடன் சாலையில் நின்றார்கள். முதல் விரைவுப் பேருந்து வேகத்தைக் கூடக் குறைக்கவில்லை. அது கிளப்பிய புழுதியில் வேட்டி நான்கும் செம்மண் நிறமாயின. நன்றாகத் தயாராகவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போய் வேறு வேட்டி கட்டிவந்தார்கள். மூன்றாவது நாள் கிட்டுசாமி சிவப்புத் துண்டை விரித்து நடுச்சாலையில் பிடித்தார். டிரைவர் மூச்சடைக்கப் பிரேக்கை மிதித்தார்.

கண்டக்டர் தலையை நீட்டினார். “என்னய்யா, யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலீங்க. புதிய பதிப்பு வந்திருக்குதுங்களா?”

அவர் தினமும் செய்தித்தாள் கட்டு ஏற்றி இறக்குகிற மனிதர். “அது விடியக்காலம் மொத வண்டிலயே போயிருச்சு. பொள்ளாச்சில போய்க் கேளுங்க,” என்று சொல்லி விசில் ஊதினார்.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கத்துக்கு வர வேண்டியது, இறங்க முடியாமல் பொள்ளாச்சி வரைக்கும் போயிருக்கிறது. பாவம். அழைத்துவர நாச்சிமுத்துவை அனுப்பினார்கள்.

நாச்சிமுத்து பொள்ளாச்சியில் விசாரித்து விசாரித்துக் கடைசியில் தனசேகர் என்பவரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அந்தக் கடையில் சரக்கு இல்லை. சரக்கு இல்லை என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். தனசேகரும் சொல்லவில்லை.

“இப்ப இருக்கறத வாங்கி ஏமாந்துறாதீங்க,” என்றார் அவர். “ஆவணில புது மாடல் எறங்குது. அதுக்கு முன்னால இதெல்லாம் வெறும் தகரம். முன்பணம் மட்டும் கட்டீட்டு, சித்தெ பொறுங்க.”

நாச்சிமுத்து முன்பணம் கட்டினார். புது மாடலில் என்னென்ன இருக்கும் என்று கேட்டுக்கொண்டு, மறந்துவிடாமல் இருக்க வழி நெடுக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தரம் இடம் மாறி உட்கார்ந்தாராம்.

அன்று சாயங்காலம் நிர்வாகக் கூட்டம். நாச்சிமுத்து விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

“பத்து மடங்கு வேகமுங்க. ஒயரே கிடையாதுங்க. தண்ணியில குளிர வெக்கற மாதிரி செஞ்சிருக்கறாங்க. வாயில சொன்னாலே புரிஞ்சுக்குமுங்க, தட்ட வேண்டியதில்ல. அப்பறம், எட்டு மூளைங்க.”

எட்டு மூளை என்றதும் பெஞ்சில் ஒரு அசைவு ஏற்பட்டது.

“நம்ம நாலு பேருக்கே ஒத்து வர மாட்டேங்குது,” என்றார் ஆறுச்சாமி கவலையுடன். “எட்டையும் ஒரு பொட்டிக்குள்ள போட்டு அடைச்சா அடிச்சுக்கிட்டுச் சாகாதா?”

“அதுல ஒண்ணத் தலைவரா வெச்சிருப்பாங்க,” என்றார் குப்பண்ணன்.

“தலைவர்னு ஒருத்தர் வந்துட்டா மத்த ஏழும் வேலை செய்யாதே,” என்றார் கிட்டுசாமி.

“தலைவர் செய்வாரல்ல?” என்றார் நாச்சிமுத்து.

யாரும் ஆறுச்சாமியின் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில், ஒரு நாளைக்கு ஒரு மூளை என்று முறை வைத்து வேலை வாங்குவதாகத் தீர்மானம் போட்டார்கள். வாரத்துக்கு ஏழு நாள்தானே, எட்டாவது மூளையை என்ன செய்வது என்று கிட்டுசாமி கேட்டார். ஏதாவது ஒன்று லீவு போட்டால் மாற்றாளாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. குப்பண்ணன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே பழனாத்தாள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு மரம். இருபத்துமூன்று போய்விட்டது. விண்ணப்பம் அனுப்பியாயிற்றா என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

“எட்டு மூளை வருதுங்களா?” என்றாள். “வரட்டும். ஊர்ல அதாச்சும் இருக்கட்டும்.”

“நல்ல வாக்குச் சொன்ன அம்மிணி,” என்றார் ஆறுச்சாமி மனம் நிறைந்து.

புதிது வரும்போது அதை நடத்தத் தெரிந்திருக்க வேண்டுமே என்ற கவலை குப்பண்ணனைப் பிடித்துக்கொண்டது. முக்கியமாக, தண்ணீரில் குளிர வைக்கிற விஷயம். இதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை. புதிது வந்த அன்றைக்குப் போய்த் தப்பும் தவறுமாகச் செய்தால் பொள்ளாச்சிக்காரன் சிரிப்பான். ஆகவே பழைய கம்ப்யூட்டரில் பழகிக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று.

“நம்ம போர்த் தண்ணி உப்பு,” என்றார் கிட்டுசாமி. “அதுக்கு ஒத்துக்குமா?”

“அப்ப இளநி ஊத்தலாம்,” என்றார் நாச்சிமுத்து. “இளநிய விடக் குளிர்ச்சி என்ன இருக்குது?”

இது எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. தென்னை விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டருக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் ஊர் என்ன பேசும். ஆறுச்சாமி தன் தோட்டத்தில் பிழைத்து நின்ற மரம் ஒன்றிலிருந்து செவ்விளநீர் நான்கு இறக்கிக் கொண்டுவந்தார். ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் மேல்பக்கத்தில் காற்றுக்காக வைத்திருந்த துளைகளில், குப்பண்ணன் பதமாகச் சாய்த்து ஊற்றினார்.

முதல் இளநீருக்கு அது ‘புஸ்’ என்றது. தாகம் என்று எடுத்துக்கொண்டு இரண்டாவதையும் ஊற்றினார்கள். அதற்குள் திரை கறுத்து, பொரிகடலை தீய்ந்த மாதிரி ஒரு வாசனை வந்து, பத்து வருஷமாக அந்த அறையில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கியது. குப்பண்ணன் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“குளுந்துருச்சுங்க,” என்றார்.

மற்றவர்களும் தொட்டுப் பார்த்தார்கள். உண்மைதான். அதற்குப் பிறகு அது ஒரு நாளும் சுடவே இல்லை. மிச்சமிருந்த இரண்டு இளநீரை நான்கு பேரும் பங்கிட்டுக் குடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பழனாத்தாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை உள்ளேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஏனுங்ணா, விண்ணப்பம் போச்சுங்களா?”

“எங்க அம்மிணி அனுப்பறது? பழசு குளுந்துருச்சே. புதுசு வரட்டும்.”

“தேதி தாண்டிப் போயிருச்சுன்னா?”

குப்பண்ணன் சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் படித்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. “புதுசு பத்து மடங்கு வேகமுங்க. பழசுல இன்னைக்கு அனுப்பினா நாளைக்குப் போயிச் சேரும். புதுசுல இன்னைக்கு அனுப்பினா நேத்தே போயிச் சேந்துரும். தேதி தாண்டினாலும் பயமில்ல.”

கிட்டுசாமிக்குச் சந்தேகம் வந்தது. “திங்கக்கெழமை அனுப்பினா ஞாயித்துக்கெழமையல்ல போயிச் சேரும்? ஆபீஸ் பூட்டியிருக்குமே.”

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. நெடுநேரம் பேசி, எந்த வாரமானாலும் செவ்வாய்க்கிழமைதான் அனுப்புவது என்று எழுதி வைத்தார்கள். ஆபத்து தப்பியது என்று ஆறுச்சாமி பெருமூச்சு விட்டார்.

பழனாத்தாள் நான்கு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து போய், வேகத்தைக் குறைத்த ஒரு டவுன் பஸ்ஸில் தாவி ஏறினாள். பக்கத்து ஊர் இ-சேவை மையத்தில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கம்ப்யூட்டரில் ஒரு பெண் விண்ணப்பத்தை அடித்து அனுப்பி, ரசீதும் எடுத்துக் கொடுத்தாள். பழனாத்தாள் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிட்டாள்.

சங்கத்தில் இது தெரிந்தபோது வருத்தப்பட்டார்கள்.

“பழைய கம்ப்யூட்டர்ல அனுப்பிப்போட்டாளாம்,” என்றார் நாச்சிமுத்து. “பழைய பிள்ளையாத்தான் வரும்.”

“அவளுக்குக் கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு இருந்தும், ஒருத்தரும் எடுத்துச் சொல்லல பாரு,” என்றார் ஆறுச்சாமி.

அடுத்து ஒயர். புதியதில் ஒயரே கிடையாது என்று தனசேகர் சொன்னது தட்டுகிற பலகையைப் பற்றி. நாச்சிமுத்து அதை மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒயரில்லாத ஒன்று குடிவரும் வீட்டில் சுவர் நெடுகிலும் ஒயர் தொங்கினால் அது தங்களை மட்டமாக நினைக்காதா என்று குப்பண்ணன் கேட்டார். நியாயமாகப் பட்டது. ஒரு பகல் முழுக்க ஏணி போட்டு எல்லா ஒயரையும் பிடுங்கினார்கள். நல்லவேளையாக அன்றைக்குக் காலையிலிருந்தே மின்தடை. மொண்ணைவலசில் நான்கு பேர் இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்கு மின்வாரியம்தான் காரணம்.

பிறகு விசிறியும் ஓடவில்லை, விளக்கும் எரியவில்லை. விசிறி மட்டையால் வீசிக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வரப்போகிறதைப் பற்றிப் பேசினார்கள். அந்த நாட்களில் ஊரில் வேறு பேச்சே இல்லை. திரை வண்டிச் சக்கரத்தளவு அகலம் என்றார் ஒருவர். கதவளவு என்றார் இன்னொருவர். கதவளவு இருந்தால் வாசல் வழியாக எப்படி உள்ளே வரும் என்று கிட்டுசாமி கேட்டதால், கதவில் கொஞ்சம் குறைவு என்று சரிசெய்துகொண்டார்கள். வாயால் சொன்னாலே புரிந்துகொள்ளும் என்பதால், அந்த அறையில் ஒருவரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்றும் ஒப்பந்தம். வருவதற்கு முன்பே அதற்கு அவ்வளவு மரியாதை. வந்த பிறகு யாருக்கும் அந்த மரியாதை கிடைத்ததாக அந்த ஊரில் சரித்திரமில்லை.

ஆகஸ்ட் போயிற்று. தனசேகருக்குத் தினமும் போன் போட்டார்கள். இதோ என்றார், அதோ என்றார். செப்டம்பர் ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஒரு டெம்போ வந்து, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கிவிட்டுப் போயிற்று.

பெட்டியின் பக்கவாட்டில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருந்தது.

“மேல வெக்கச் சொல்லுது,” என்றார் குப்பண்ணன்.

பெட்டியை மேஜை மேல் வைத்தார்கள். அம்பு இன்னும் மேலேதான் காட்டியது. பரண் மேல் ஏற்றினார்கள். அப்போதும் மேலே. நாச்சிமுத்துவும் கிட்டுசாமியும் ஓட்டின் மேல் ஏறி, கயிறு கட்டிப் பெட்டியை இழுத்து முகட்டில் உட்கார வைத்தார்கள். ஆறு ஓடு உடைந்தது. கீழே இருந்து ஆறுச்சாமி நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அம்பு வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

“எறக்குங்கப்பா,” என்றார் அவர். “எவ்வளவு செஞ்சாலும் திருப்திப்படாது போலிருக்குது.”

இறக்கி மேஜை மேல் வைத்து, பிரிக்கலாம் என்று குப்பண்ணன் கத்தியை எடுத்தபோது போன் வந்தது. தனசேகர்.

“பிரிச்சுறாதீங்க. நான் வந்துதான் மாட்டிக் குடுக்கோணும். அடுத்த வாரம் வர்றேன். நீங்களாப் பிரிச்சீங்கன்னா அது பழசுன்னு ஆயிப்போகும், அப்பறம் நான் திருப்பி எடுக்க மாட்டேன். அதுவுமில்லாம, தையில இதைவிட நல்லது ஒண்ணு வருதுன்னு பேச்சு. பிரிக்காம வெச்சிருந்தா மாத்திக் குடுத்தர்றேன்.”

குப்பண்ணன் கத்தியை வைத்துவிட்டார். நான்கு பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

“பிரிச்சா பழசாமுங்க.”

“பிரிக்கலைன்னா?”

“புதுசு.”

“எத்தனை நாளைக்கு?”

“பிரிக்கற வரைக்கும்.”

ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை தூங்கவில்லை. “நாளைக்குப் பத்தாம் தேதியல்ல?” என்றார். “என்ற தோட்டத்துல வெட்டின மரத்து முண்டு எம்பத்தொண்ணு நிக்குது. காலைல அந்தப் பக்கம் போறதுக்கே மனசு வர மாட்டேங்குது.”

உண்மையில் மற்ற மூவர் தோட்டத்திலும் அதே கதைதான். கொஞ்ச நேரம் நான்கு பேரும் வெறும் விவசாயிகளாக நின்றார்கள். அது நீடித்திருந்தால் ஏதாவது நல்லது நடந்திருக்கும். அதற்குள் நாச்சிமுத்துவுக்கு யோசனை வந்துவிட்டது.

“இது வாயில சொன்னாலே புரிஞ்சுக்குமல்லங்க. பிரிக்காமலே சொல்லிப்போட்டா?”

கிட்டுசாமி அட்டையில் காதை வைத்துப் பார்த்தார். “உள்ளார அமைதியாத்தான் இருக்குது. கேட்டுக்கும்.”

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு நான்கு பேரும் குளித்துவிட்டு வந்து பெட்டியின் முன்னால் நின்றார்கள். குப்பண்ணன் விண்ணப்பத்தைத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், பட்டா எண், போன மரம், இருக்கிற மரம். முற்றுப்புள்ளி வரும் இடத்தில் ‘முற்றுப்புள்ளி’ என்றும் சொன்னார். ஆறுச்சாமி தன் கணக்கைத் தானே சொன்னார். “நூத்தி நாப்பதுல எம்பத்தொண்ணு போச்சுங்க,” என்றபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மொத்தம் நாற்பத்தாறு உறுப்பினர்கள். மத்தியானம் வரை ஆயிற்று.

முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

“மௌனம் சம்மதம்,” என்றார் குப்பண்ணன்.

“இன்னைக்கு என்ன கெழமை?” என்றார் கிட்டுசாமி திடீரென்று.

“செவ்வாய்.”

எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. எல்லாம் கூடி வந்திருந்தது.

அடுத்த வாரம் தனசேகர் வந்தார். வாசலிலேயே நிறுத்தி, தை வரைக்கும் பெட்டியைத் தொடக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரும் சரி என்று போய்விட்டார். மாட்டிக் கொடுக்கிற வேலை அவருக்கு மிச்சம்.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு நாள் காலையில் வேளாண்மை அலுவலகத்து லாரி ஒன்று வந்து சங்கத்தின் முன்னால் நின்றது. அதிலிருந்து உதவி அலுவலர் மரகதம் இறங்கினார். லாரி நிறையத் தென்னம்பிள்ளைகள், பச்சைப் பசேலென்று, ஈரம் சொட்ட. பழனாத்தாளின் இருபத்துமூன்றை எண்ணி இறக்கினார்கள். அவள் ஏற்கனவே குழி வெட்டி வைத்திருந்தாள். ரசீதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

“எங்களுதுங்க?” என்றார் ஆறுச்சாமி.

மரகதம் பட்டியலைப் புரட்டினார். “உங்க சங்கத்துலருந்து விண்ணப்பமே வரலீங்களே.”

“அனுப்பினோமுங்க. சொல்லி அனுப்பினோம்.”

“யார்கிட்டச் சொன்னீங்க?”

நான்கு கைகளும் உள்ளே மேஜை மேல் இருந்த பெட்டியைக் காட்டின. மரகதம் எட்டிப் பார்த்தார். பெட்டியை, பிடுங்கிய ஒயரை, ஓட்டில் இருந்த ஓட்டையை, அதற்குக் கீழே வைத்திருந்த வாளியை. அவருக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். ஒன்றும் கேட்கவில்லை.

“சரிங்க. இன்னொரு ஊருக்குப் போக வேண்டியது முந்நூறு பிள்ளை லாரில இருக்குது. அங்க வாங்கிக்க ஆளில்ல. கம்ப்யூட்டர் கெடக்கட்டும். பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போடுங்க, எறக்கிக்குங்க. நான் பேசிக்கறேன்.”

ஆறுச்சாமி லாரிக்குப் பக்கத்தில் போய் ஒரு இலையைத் தடவிப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. இறக்குங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“ஏனுங்க அம்மா,” என்றார் கிட்டுசாமி. “இதைவிட நல்ல ரகம் ஏதாச்சும் வரப்போகுதுங்களா?”

மரகதம் பொய் சொல்லத் தெரியாதவர். “ஆராய்ச்சி பண்ணீட்டுத்தான் இருக்காங்க. மூணு வருஷம், நாலு வருஷம் ஆகலாம்.”

நான்கு பேரும் வாசல் ஓரமாகப் போய் மழைக்கு ஒதுங்கிப் பேசினார்கள். அதிக நேரம் ஆகவில்லை.

“இதுகள வெச்சுட்டம்னா,” என்றார் குப்பண்ணன், “நாலு வருஷம் கழிச்சு நல்லது வர்றப்ப எடத்த அடைச்சுக்கிட்டு இதுக காய்ச்சுக்கிட்டு நிக்குமே.”

“காய்க்கற மரத்த வெட்டவும் மனசு வராது,” என்றார் நாச்சிமுத்து.

“அவசரப்பட்டமுன்னு ஆயிரும்,” என்றார் கிட்டுசாமி.

ஆறுச்சாமி ஒரு முறை லாரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து கை கூப்பினார். “நெம்ப சந்தோசமுங்க அம்மா. இப்போதைக்கு வேண்டாமுங்க.”

மரகதம் ஒரு பெருமூச்சு விட்டார். “வேண்டாம்னா வேண்டாம்னே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது இல்லாம நான் லாரிய எடுத்துட்டுப் போக முடியாது.”

பேப்பரையும் பேனாவையும் நீட்டினார். ஆறுச்சாமி வாங்கி, மேஜையில் வைத்து, ஓரத்தில் ஒரு சுழி சுழித்துப் பார்த்தார். தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிப் பேப்பர் மேல் வைத்தார்.

“போடறதுல ஒண்ணுமில்லீங்க. ஆனா இப்பப் போட்டா இப்ப இருக்கற கையெழுத்துத்தான் விழும். தெனமும் காலைல எழுதிப் பழகீட்டு இருக்கறனுங்க. ‘ஆறு’ நல்லா வந்துருச்சு. ‘சாமி’ பொங்கலுக்குள்ள வந்துரும்.”

“பொங்கல் வரைக்கும் லாரி இங்கயே நிக்கோணுங்களா?” என்றார் மரகதம்.

குப்பண்ணன் அவருக்குப் பக்கத்தில் போய், வேறு யார் காதிலும் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

“பொங்கலுக்கு வர்றத வாங்கீட்டுப் போயி ஏமாந்துறாதீங்கம்மா. மாசியில இனிஷியலோட வருதாமுங்க.”